வெட்டிய பிறகு மிஞ்சுவது எது?

பழைய வீடியோ கேம் கன்சோலைப் பிரித்து, அதன் போர்டை அறுத்து, வேறொரு உடலுக்குள் வைத்துப் புதிய கருவியாக்கும் வேலைக்கு ‘மாடிங்’ என்று பெயர். செய்து முடித்த பொருளை ‘மாட்’ என்கிறார்கள். தமிழில் வேற்றுமை உருபு சேர்த்தால் அது கொம்பு முளைத்து மாடாகிவிடும் என்பதால், இந்தக் கட்டுரை முழுக்க மறுஆக்கம் என்றே சொல்லப்போகிறேன். செய்பவர்களை மட்டும் மாடர்கள் என்று விட்டுவிடலாம்.

கடந்த இருபத்தைந்து வருடங்களில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று மேதைகள் இருக்கிறார்கள், பாணிகள் இருக்கின்றன, போலிகளும் இருக்கின்றன. இன்னும் வராத ஒன்று விமர்சனம்தான். ஒருவர் தான் செய்த கருவியின் வீடியோவைப் போடுகிறார். நூறு பேர் வந்து அவரவர் மொழியில் ‘செம’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேர் ‘இதைப் போய் அறுத்துட்டியே, பாவி’ என்று திட்டுகிறார்கள். பாராட்டுபவர்களின் அளவுகோல் எவ்வளவு சின்னதாகச் செய்தாய், சாலிடர் எவ்வளவு சுத்தம் என்பது. திட்டுபவர்களின் அளவுகோல் பழசைத் தொடாதே என்பது. இரண்டுமே எனக்குப் போதவில்லை.

என் கையால் செய்ததெல்லாம் சில்லறை வேலைகள்தான். கேம்பாய்க்குத் திரை மாற்றியிருக்கிறேன், பட்டனுக்கு அடியில் தேய்ந்துபோன ரப்பரை மாற்றியிருக்கிறேன். ஆனால் வாசகனாகப் பேச அது போதும் என்று நினைக்கிறேன். வீணை செய்யத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வீணைக் கச்சேரியைப் பற்றிப் பேசலாம் என்று யாரும் சொல்வதில்லை.

மறுஆக்கம் என்பது ஒரு வாசிப்பு. இதுதான் நான் சொல்ல வருவது. ஒரு இயந்திரத்தை அறுக்க உட்காருபவர் அறுப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இதில் எது போனாலும் இது இதுவாகவே இருக்கும், எது போனால் வேறாகிவிடும்? அவர் வாயால் சொல்லாவிட்டாலும் ரம்பம் சொல்லிவிடும். நம் மரபில் இதற்கு நெருக்கமானது உரையாசிரியர்களின் வேலை. பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், எங்கோ இருக்கும் அடியை எடுத்து வேறெங்கோ இருக்கும் அடியோடு சேர்த்துப் பொருள் சொல்வார். அந்த முறைக்கு இலக்கணத்தில் ‘மாட்டு’ என்றே பெயர். பொருத்தம் தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல். முல்லைப்பாட்டை ஆராய்ந்த மறைமலையடிகள், பாட்டை இப்படிப் பிரித்துக் கோப்பது பாட்டின் இயல்பான ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று நச்சினார்க்கினியரோடு மோதினார். அந்த மோதல்தான் விமர்சனம். அதை கன்சோல்களின் மேல் நடத்திப் பார்க்கலாம் என்பதுதான் என் ஆசை.

முதலில் அடாரி 2600. 1977-இல் அமெரிக்காவில் வந்த கன்சோல். அதன் மொத்த நினைவகம் 128 பைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. உள்ளே மூன்றே மூன்று முக்கியமான சில்லுகள். ஆனால் பெட்டி? முன்பக்கம் மரம்போலத் தெரியும் பட்டை, மேலே வரிசையாக உலோகச் சுவிட்சுகள். உள்ளே கனத்த உலோகக் கவசம். ரேடியோ அலைகள் வெளியே கசிந்து அக்கம்பக்கத்து டிவிகளைக் கலைக்கக் கூடாது என்று அரசு விதித்த கட்டுப்பாட்டுக்காக வைத்தது. தூக்கினால் இரும்புப்பெட்டி மாதிரி கனக்கும்.

2000-ஆம் ஆண்டில் விஸ்கான்சினைச் சேர்ந்த பென் ஹெக்கண்டார்ன் என்ற வரைகலைக்காரர் இதைக் கையில் பிடித்து ஆடும் கருவியாக்கினார். சின்னத் திரை, பேட்டரி, இரண்டு பக்கமும் பட்டன்கள். இன்று மாடிங் என்று நாம் சொல்லும் மரபின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். 2005-இல் இந்த வேலைகளை எப்படிச் செய்வது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தக் கருவி என்ன சொல்கிறது? அடாரியின் பருமன் அடாரியுடையது இல்லை என்கிறது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மரச்சாமானாகத் தோற்றம் தரவும் அரசு விதிக்கு அடங்கவும் வேண்டியிருந்ததால் வந்த பருமன் அது. இயந்திரம் என்று பார்த்தால் உள்ளங்கை அளவுதான். இருபத்து மூன்று வருடங்கள் யாரும் கவனிக்காத ஒரு உண்மையை ஒருவர் ரம்பத்தால் எழுதிக் காட்டினார். நல்ல உரையாசிரியர் செய்வதும் இதுதான். பாட்டில் இல்லாததைச் சேர்ப்பதில்லை, பாட்டின் மேல் படிந்திருந்ததை விலக்குகிறார்.

இருந்தாலும் இந்த வாசிப்பு ஒன்றை விட்டுவிட்டது. அடாரிப் பெட்டியோடு சேர்ந்தே வந்த விளையாட்டு ‘காம்பாட்’. இருவர் இல்லாமல் ஆடவே முடியாது, கணினி எதிரியாக வராது. அந்த இயந்திரத்தின் கூடவே வந்த முதல் பாடம் அது: பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் பிடித்து, ஒரே திரையைப் பார்த்து அண்ணனும் தம்பியும் சண்டை போடும் பொருளாகவே அடாரி அமெரிக்க வீடுகளுக்குள் போனது. கைக்குள் அடங்கும் கருவி இயல்பிலேயே தனியாளுக்கானது. இன்னொரு ஜாய்ஸ்டிக்கை வயரில் மாட்டலாம்தான். ஆனால் உள்ளங்கைத் திரையை இருவர் எட்டி எட்டிப் பார்த்து ஆடுவது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரைப் படிப்பது மாதிரிதான். ஹெக்கண்டார்ன் மரத்தோற்றத்தை நீக்கியபோது கூடவே அந்த ஹாலையும் நீக்கிவிட்டார். இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. எந்த வாசிப்பும் எதையாவது விட்டுத்தான் எதையாவது காட்டும். என்ன விட்டது என்று கேட்பதுதான் வாசகனின் வேலை.

இதே கேள்வியின் எல்லை வரைக்கும் போனவர்கள் நின்டெண்டோவின் ‘வீ’ கன்சோலை அறுப்பவர்கள். 2006-இல் வந்தது, உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்றது. அதன் தாய்ப்பலகை பல அடுக்குகள் கொண்டது. ஓரங்களை வெட்டிக்கொண்டே வந்து, செயலி, வரைகலைச் சில்லு, நினைவகம் ஆகியவை இருக்கும் நடுப்பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். வெட்டிய விளிம்பில் செப்பு அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் விளிம்பை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்ப்பார்கள். வெட்டுப்பட்டுப் போன மின்சுற்றுகளுக்குப் பதிலாக 1 வோல்ட், 1.15 வோல்ட், 1.8 வோல்ட், 3.3 வோல்ட் என்று நான்கு மின்னழுத்தங்களைத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். டிஸ்க் டிரைவ் கிடையாது. விளையாட்டுகள் மெமரி கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஓடும். கடைசியில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பலகை மிஞ்சும். அது உயிரோடிருக்கும். முதல்முறை அதன் படங்களைப் பார்த்தபோது எனக்கு அறுவைசிகிச்சை அரங்கின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பது போலிருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. வீ எதற்காகப் பேர் வாங்கியது? ரிமோட்டைக் கையில் பிடித்து எழுந்து நின்று வீசுவதற்கு. தாத்தா பாட்டியெல்லாம் ஹாலில் நின்று பௌலிங் ஆடினார்களே, அதற்கு. கையடக்க வீ பெரும்பாலும் அதைத்தான் முதலில் தூக்கி எறிகிறது. அதில் அதிகம் ஆடப்படுவது அதற்கு முந்தைய கன்சோலான கேம்க்யூபின் விளையாட்டுகள். வீயின் செயலி கேம்க்யூபின் செயலியுடைய நேர் வாரிசு. அது 486 மெகாஹெர்ட்ஸ், இது 729. பழைய விளையாட்டுகள் அப்படியே ஓடும். எனவே அந்த மாடர்கள் சொல்வது இதுதான்: ‘வீ என்று நீங்கள் வாங்கியது வேஷம் கட்டிய கேம்க்யூப். நாங்கள் வேஷத்தைக் கலைத்துக் காட்டுகிறோம்.’ வலிமையான வாசிப்பு, தொழில்நுட்ப ரீதியாக மறுக்கவும் முடியாது. ஆனால் வேஷத்துக்குத்தானே ஊரே கூடியது? பத்துக் கோடிப் பேர் வாங்கியது அந்தச் சில்லை நினைத்து இல்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் இந்த மறுஆக்கங்கள் சுவாரசியமாகின்றன. ஒரு இயந்திரத்தின் உண்மை அதன் சிலிக்கானில் இருக்கிறதா, அதைச் சுற்றி மனிதர்கள் நின்ற நிலையில் இருக்கிறதா என்ற கேள்வியை அவை நம் முன்னால் வைக்கின்றன.

இந்தக் கேள்வி தீர்ந்துபோகும் இடமும் உண்டு. அண்மைக்காலத்தில் சாவிக்கொத்தில் தொங்கவிடும் அளவுக்கு வீயைச் சுருக்கிவிட்டார்கள். ‘கவாயி’ என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் சதுரம். திறமை என்று பார்த்தால் வாயடைத்துப்போகும். ஆனால் அதில் திரையில்லை, பட்டனில்லை. டிவியோடும் கண்ட்ரோலரோடும் இணைக்கத் தனியாக ஒரு மேடை வேண்டும். அரிசியில் பெயர் எழுதுபவரை நாம் வியப்போம், ஆனால் அந்த எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. சின்னதாக்குவது ஒரு இடம் வரைக்கும் ‘எது தேவை’ என்ற விசாரணை. அதைத் தாண்டினால் பந்தயம். பந்தயத்துக்கு நடுவர் போதும், விமர்சகன் வேண்டாம்.

வெட்டுவதை விட்டு மாற்றுவதற்கு வருவோம். மறுஆக்கங்களிலேயே அதிகம் பேர் செய்வது திரை மாற்றுவது. இதை யாருமே மறுஆக்கம் என்றுகூட நினைப்பதில்லை, ரிப்பேர் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் என் பார்வையில் விளையாட்டின் பிரதியையே நேராகத் தொடும் வேலை இதுதான்.

2001-இல் வந்த கேம்பாய் அட்வான்ஸின் திரைக்கு விளக்கு கிடையாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிச்சம் விழும் கோணம் பார்த்து ஆட வேண்டும். அந்த வருடமே வந்த ‘காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்’ இருண்ட கோட்டைக்குள் நடக்கும் விளையாட்டு. அந்தத் திரையில் இருட்டுக்குள் இருட்டாக எதுவுமே சரியாகத் தெரியவில்லை என்று எல்லோரும் புலம்பினார்கள். அடுத்த வருடம் வந்த ‘ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸ்’ அதற்குப் பதில் சொன்னது. நிறங்களை அள்ளித் தெளித்து, நாயகனைச் சுற்றி நீலக் கோடு ஒன்றையும் ஓட விட்டார்கள், எங்கே நிற்கிறான் என்றாவது தெரியட்டும் என்று. அந்தப் பளிச் நிறங்கள் ஓவியரின் ரசனை மட்டும் இல்லை. மங்கிய திரைக்காக உரக்கப் பேசியது அது. செவி மங்கியவரிடம் நாம் குரலை உயர்த்துவோமே, அது மாதிரி.

இப்போது அதே கருவிக்குப் பிரகாசமான ஐபிஎஸ் திரை பொருத்துகிறார்கள். முதல் விளையாட்டு திடீரென்று உயிர்பெறுகிறது. கோட்டையின் கல், சுவரின் நிழல் எல்லாம் தெரிகிறது. வரைந்தவர்கள் நினைத்தது இதுதான் போல என்று தோன்றுகிறது. இரண்டாவது விளையாட்டு கண்ணைக் கூசுகிறது. செவி சரியாகிவிட்டவரிடம் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. ஒரே மறுஆக்கம், ஒரே கருவி, ஒன்றுக்கு நியாயம், இன்னொன்றுக்கு அநியாயம். ‘திரையை மேம்படுத்தினேன்’ என்று ஒருவர் சொல்லும்போது எந்த விளையாட்டுக்கு என்று கேட்க வேண்டும். மேம்பாடு என்ற சொல்லை நான் இந்த விஷயத்தில் நம்புவதில்லை. பழைய திரையும் பிரதியின் ஒரு பகுதி. அதை மாற்றுபவர் தாளை மாற்றவில்லை, மையின் நிறத்தை மாற்றுகிறார். புதிய திரைகள் சிலவற்றில் நிறத்தைக் குறைத்துப் பழையபடி காட்டும் வசதியும் உண்டு. அப்படி யோசித்துச் செய்தவர் பிரதியை வாசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மாற்றத்தால் ஒரு இயந்திரம் வேறொன்றாகவே ஆகி, அதனாலேயே தன்னை முழுதாகக் கண்டுகொள்வதும் உண்டு. முதல் கேம்பாய், 1989. அதில் நான்கு ஒலித்தடங்கள்தான். இரண்டு சதுர அலை, ஒன்று நாமே வடிவம் கொடுக்கும் அலை, ஒன்று இரைச்சல். 1998-இல் ஜெர்மனியில் ஆலிவர் விட்சோ உருவாக்கிய ‘நானோலூப்’, பிறகு ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய ‘எல்எஸ்டிஜே’ ஆகிய இரண்டும் இந்தப் பொம்மையை இசைக்கருவியாக்கின. அதன்பின் வந்தவர்கள் வன்பொருளைத் தொட்டார்கள். ஹெட்போனுக்குப் போகும் பெருக்கியில் ஓசை சிதைந்து இரைச்சல் சேர்கிறது என்பதால், அதற்கு முன்னாலேயே ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழருகே வயரை எடுத்துத் தனி வெளியீடு வைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருக்கும் பிரதிபலிப்புத் தாளைப் பொறுமையாக உரித்து எடுத்து ஒரு விளக்கை வைத்தார்கள், இருண்ட மேடையில் தெரிய வேண்டுமே என்று.

இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார். மேற்கத்திய மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள். நாதம் சட்டென்று அறுந்துவிடும், கமகத்துக்கு நிற்காது. அவர் மின்சார மாண்டலினை எடுத்தார், ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்தார். அது மாண்டலினைக் கெடுத்ததா? சுத்தக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். ஆனால் அவர் மாற்றிய ஒவ்வொன்றுக்கும் ராகத்தில் ஒரு காரணம் இருந்தது. கேம்பாய் இசைக்காரர்களும் அப்படித்தான். நான்கு தடத்தை எட்டாக்கவில்லை. அப்படி ஆக்கியிருந்தால் அது வேறு கருவி. வறுமையை அப்படியே வைத்துக்கொண்டு அதைத் தெளிவாகக் கேட்க வைத்தார்கள். எதைக் கூட்டக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இந்தக் கலையின் கடினமான பாதி.

இனி எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனலாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-இல் ‘என்டி’ என்ற கன்சோலை அறிவித்தது. நின்டெண்டோவின் பழைய விளையாட்டுகளை ஆடுவதற்கான கருவி. ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த உடல், விலை 499 டாலர். உள்ளே இருந்த செயலியும் படச்சில்லும் புதியவை அல்ல, ஜப்பானின் பழைய ஃபேமிகாம்களிலிருந்து எடுத்தவை. இதையே விற்பனையின் பெருமையாகச் சொன்னார்கள்: இது போலி அல்ல, உள்ளே இருப்பது அசல்.

அழகான பொருள், சந்தேகமில்லை. ஆனால் அது அந்தச் சில்லைப் பற்றி என்ன சொன்னது? ஒன்றுமில்லை. அடாரியைச் சுருக்கியவர் ஒரு உண்மையைக் காட்டினார், கேம்பாயில் வயர் இழுத்தவர் ஒரு குரலைக் கேட்க வைத்தார். இங்கே சில்லு ஒரு புனித எலும்பு. தங்கப்பேழைக்குள் வைத்துவிட்டால் பேழைக்கு மதிப்பு. இதற்கு மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, அதே நிறுவனத்திடமிருந்தே வந்தது. 2017-இல் அதன் அடுத்த வடிவமான ‘என்டி மினி’யில் பழைய சில்லுகள் இல்லை. விருப்பப்படி மறுபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் பழைய மின்சுற்றின் நடத்தையை வரி வரியாகப் புரிந்துகொண்டு எழுதியிருந்தார்கள். எலும்பை எடுத்து வைப்பதை விட்டுப் படிக்கத் தொடங்கினார்கள். இரண்டாவதுதான் எனக்கு உண்மையான மரியாதையாகப் படுகிறது. அதற்காக எந்த ஃபேமிகாமும் உறுப்பு தர வேண்டியதில்லை.

‘அசல்’ என்ற சொல்லே நம்மவர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையானதுதான். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் ‘டிவி கேம்’ என்று ஆடியதில் பெரும்பகுதி ஃபேமிகாமின் நகல்கள். வெளியே வேறொரு நிறுவனத்தின் மெகா டிரைவ் போல உடல், உள்ளே மொத்த ஃபேமிகாமும் ஒரு கறுப்புப் பொட்டுச் சில்லுக்குள். ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட்டை ஊதி ஊதிச் சொருகினால் பத்து விளையாட்டுகள் திரும்பத் திரும்ப வரும். மரியோவை நாம் அறிந்தது அப்படித்தான். அந்த நகல் வழியாக வந்த தாவலும் தவிப்பும் பொய்யா என்ன? அசல் சில்லில் மட்டும்தான் அனுபவம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு தலைமுறையின் பால்யத்தையே செல்லாது என்று அறிவிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் பழைய பொருளைத் தொடாமல் வைக்க வேண்டும் என்பவர்களின் பக்கம் நான் சாய்கிறேனா? அதுவும் இல்லை. செகாவின் கேம் கியர், 1990-இல் வந்தது, அவர்களுக்கான பதில். வண்ணத்திரை, பின்னால் ஒரு குழல்விளக்கு, ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். அதிலிருக்கும் மின்தேக்கிகள் காலப்போக்கில் கசியும். உள்ளிருக்கும் திரவம் வெளியே வந்து போர்டின் செப்புக் கோடுகளை அரிக்கும். முதலில் ஓசை போகும், பிறகு திரை மங்கும். பெட்டி பிரிக்காமல், கை படாமல், கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தாலும் அரிக்கும். அசல் தன்மை கெடக் கூடாது என்று அதைத் தொடாமல் வைத்திருப்பவர் அதைச் சாகவிடுகிறார். மின்தேக்கிகளை மாற்றி, குழல்விளக்கை எடுத்து எல்இடி திரை போடுபவர்தான் அது இன்னும் பேசும்படி வைத்திருக்கிறார். ஓலைச்சுவடியை நாம் தொடாமல் வைத்தா காத்தோம்? ஏடு பெயர்த்து எழுதித்தானே காத்தோம்? எழுதும்போது பாடபேதமும் வந்தது, உண்மைதான். ஆனால் எழுதாதவை கரையான் வயிற்றில் இருக்கின்றன.

எனவே தொடலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எந்தக் கை, எந்தப் பொருளை, எதற்காகத் தொடுகிறது என்பதுதான். இதற்கும் ஹெக்கண்டார்னே நல்ல உதாரணம். சோனியும் நின்டெண்டோவும் சேர்ந்து செய்யவிருந்து கைவிட்ட கன்சோலின் மாதிரி ஒன்று 2015-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மிஞ்சியதாக அறியப்பட்டது அது ஒன்றுதான். அதன் சிடி டிரைவ் வேலை செய்யவில்லை. அது அவர் மேசைக்கு வந்தது. எத்தனையோ கன்சோல்களை அறுத்த அந்தக் கை, இதை அறுக்கவில்லை. பிரித்தது, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தது, 2017-இல் டிரைவை ஓடவைத்தது, மூடியது. 2020-இல் அது ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது. விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நிதானம். பத்துக் கோடி வீக்களில் ஒன்றை அறுப்பதும் ஒரே ஒரு பிரதியை அறுப்பதும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசிப்புக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் உன் வாசிப்புக்காக அடுத்தவர் வாசிக்கப் பிரதியே இல்லாமல் செய்யக் கூடாது.

கடைசியாக ஒன்று. இந்தத் துறையில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றும் வேலை பார்க்க அழகானதும் இல்லை, சின்னதும் இல்லை. ஒரே கையால் ஆடும்படி மாற்றிய கண்ட்ரோலர். எக்ஸ்பாக்ஸ் 360-இன் கண்ட்ரோலரை ஹெக்கண்டார்ன் அப்படி மாற்றிச் செய்தார். இரண்டு கைகளுக்கும் பகிர்ந்திருந்த குச்சிகளும் பட்டன்களும் ஒரே கையின் எட்டத்துக்குள் வந்து சேர்ந்திருக்கும். படத்தில் பார்த்தால் கோணல்மாணலாக, ஏதோ தப்பாகப் பொருத்திய மாதிரி இருக்கும். ‘செம’ என்று யாரும் எழுதத் தோன்றாத பொருள். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல் எஃபெக்ட் போன்ற அமைப்புகளும் தனித்தனி உடல்களுக்கேற்ற வழிகளைத் தேடி வந்தன. 2018-இல் மைக்ரோசாஃப்ட் அந்த அமைப்புகளோடு கலந்து ‘எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்’ என்ற ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தது. மேலே இரண்டு பெரிய பட்டன்கள், பின்னால் வரிசையாகத் துளைகள். காலால் மிதிப்பதோ, கன்னத்தால் தொடுவதோ, எந்த சுவிட்சையும் அதில் சொருகிக்கொள்ளலாம். வீட்டு மேசையில் தொடங்கிய வாசிப்பு ஒரு பெரிய நிறுவனத்தின் பாடத்திட்டத்துக்குள் போன கதை அது.

இந்தக் கண்ட்ரோலர் எதை வாசித்தது? சாதாரணக் கண்ட்ரோலர் என்று நாம் நினைப்பது சாதாரணமானதே இல்லை என்பதை. இரண்டு கை, பத்து விரல், இன்ன வலு, இன்ன வேகம் என்று ஒரு குறிப்பிட்ட உடலை மனதில் வைத்து எழுதிய பிரதி அது. அந்த உடல் இல்லாதவர்களுக்கு அது பூட்டிய கதவு. நாம் அதைக் கதவாகவே பார்த்ததில்லை, நமக்குத் திறந்தே இருந்ததால். அடாரியின் மரத்தோற்றம் போல இதுவும் பொருளின் மேல் படிந்திருந்த ஒன்றுதான். என்ன, இதைப் பார்க்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று.

இனி யாராவது ஒரு மறுஆக்கத்தைக் காட்டினால் நான் கேட்க நினைப்பது ஒன்றைத்தான்: இதை அறுக்கும் முன் இல்லாத எது இப்போது யாருக்குக் கிடைக்கிறது? இயந்திரத்தைப் பற்றி ஒரு உண்மையாக இருக்கலாம், மேடையில் ஒரு நாதமாக இருக்கலாம், வெளியே நின்ற ஒருவருக்கு உள்ளே ஒரு இடமாக இருக்கலாம். பதில் இருந்தால் வெட்டியது வீண் போகவில்லை. பதில் வெறும் அலுமினியப் பளபளப்பாகவோ இன்னும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்ததாகவோ இருந்தால், மிஞ்சியிருப்பது நன்றாக சாலிடர் வைத்த ஒரு பலகை மட்டும்தான்.